மேடை ஏறிய முன்பல்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லைத் திரும்பக் கொண்டுவந்து வாயில் வைப்பவர் யார் என்பதைப் பற்றி மட்டும் ஒரு பழமொழியும் கிடையாது. பல் டாக்டர் என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டர் பசை தடவி ஒட்டுவதோடு சரி. ஒட்டப்படுகிற அந்தப் பல்லைக் கையால் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், முதுகை வளைத்துக்கொண்டு. உங்கள் வாயில் கட்டுப்பல் ஒன்று இருந்தால், அதைச் செய்தவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவரும் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

பல் செய்கிற அந்த லேபில் நான்கு பேர். நான்கு பேருக்கும் செய்கிற வேலையே பேராகிவிட்டது. அரைக்கிற பற்களைச் செய்பவர் 'கடைவாய்'. முழு செட் கட்டுகிற பெண்மணி 'செட்டக்கா'. அச்சு வார்க்கிறவன் 'மாவு'. நம்முடைய ஆள் 'முன்பல்'. முப்பத்தொரு வருடமாக அந்தப் பெயர்தான். ரேஷன் அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாததால் அவருக்கே அது இரவல் சட்டை மாதிரி ஆகிவிட்டது.

ஓவியம் படித்தவர். போஸ்டர் வரையலாம் என்று கிளம்பி, வழி தவறிப் பல்லில் வந்து விழுந்தவர். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அதில் நாற்பது வகை அவருக்குத் தெரியும். டீ குடிப்பவரின் வெள்ளை, சிகரெட்காரரின் வெள்ளை, சின்ன வயதில் மருந்து அதிகம் சாப்பிட்டவரின் வெள்ளை. பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காக வைத்து, உலையில் சுட்டு, ராவி, மறுபடி சுட்டு ஒரு பல் உருவாக ஒன்றரை நாள் ஆகும். முழுக்க அழகாக இருந்தால் பல் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்துப் பல்லில் என்ன கறை உண்டோ, என்ன கீறல் உண்டோ, அதெல்லாம் இதிலும் இருக்க வேண்டும். கடவுள் செய்த தப்பைத் தேடித் தேடி அப்படியே திரும்பச் செய்வதுதான் அவருடைய வேலை.

டாக்டர்களிடமிருந்து பை வரும். பைக்குள் பிளாஸ்டர் மாவில் வார்த்த வாய் இருக்கும், ஒரு சீட்டு இருக்கும். சீட்டில் ஒரு நம்பர், எந்தப் பல், என்ன வெள்ளை, அவ்வளவுதான். வாய் வரும், முகம் வராது. யார் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், யார் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறார், யார் ஒரே பக்கமாக மெல்லுகிறார் என்பதெல்லாம் அந்த மாவுக் கட்டியைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். பெண்டாட்டி பிள்ளைக்குத் தெரியாத ரகசியமெல்லாம் இவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஆளே எதிரில் வந்து நின்றால் யாரென்று தெரியாது. செய்த பல்லைப் பஞ்சில் பொதிந்து டப்பாவில் வைத்து அனுப்பியதோடு உறவு முடிந்தது.

ஒரே ஒரு முறை அது அப்படி முடியவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால், மனைவியின் அக்கா வீட்டு விருந்தில். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். மேல்வரிசையில் இடதுபக்கம் இரண்டாவது பல். ஓரத்தில் இவர் வைத்த ஒரு சின்னப் பழுப்பு நிழல். மூன்று நாள் மெனக்கெட்டு வைத்தது. குழந்தையைக் கூட்டத்தில் கண்டுபிடித்த அப்பனைப் போல இவருக்குத் தலைகால் புரியவில்லை. "அட, இது என் பல்லு! நான் செஞ்சது!" என்று மேசைக்குக் குறுக்கே விரலை நீட்டிவிட்டார். அது பொய்ப்பல் என்று அவளுடைய கணவனுக்கே அதுவரை தெரியாது. அன்று சாயங்காலம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் மனைவி, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்க. உங்களுக்கு அது இல்லாமலே இருந்திருக்கலாம்," என்றாள்.

அந்த மனைவியும் இப்போது அவரோடு இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் தன் தம்பி வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரம் என்று சொல்லித்தான் போனாள். போவதற்கு முன், "நான் பேசும்போது ஒரு நாளாவது என் கண்ணைப் பாத்திருக்கீங்களா? எப்பப் பாரு வாயையே பாக்குறீங்க. பேசுறதும் காதுல விழுறதில்ல," என்று கேட்டாள். இவர் அப்போதும் அவளுடைய கீழ்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். பிள்ளைகள் இல்லை. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு நாற்காலி மட்டும் தேய்ந்துபோன சாப்பாட்டு மேசை. அவருடைய வீடு அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் 4417 என்ற நம்பரில் ஒரு வாய் வந்தது. மேல்வரிசை, வலதுபக்கம், நட்டநடு முன்பல். இளம்பெண்ணின் வாய். பல்லைச் செய்து அனுப்பினார். இரண்டாம் நாள் அந்த வாயை அனுப்பிய டாக்டரம்மாவே லேபுக்கு நேரில் வந்துவிட்டார்.

"முன்பல்லண்ணே, விசிலடிக்குதாம்."

"எது?"

"உங்க பல்லுதான். 'ச' வர்ற இடத்துலயெல்லாம் உஸ்ஸுங்குதாம். அந்தப் பொண்ணு பாடுற பொண்ணு. ஏதோ ராக் பேண்டாம், அவங்களே எழுதி அவங்களே பாடுவாங்களாம். மைக்குல விசில் கேட்டா மானம் போயிடும்னு அழுவுது."

இரண்டாவது முறை செய்தார். அதுவும் விசிலடித்தது. அதன்பிறகு இவர் செய்ததுதான் வேடிக்கை. நாள் முழுக்க, வேலை செய்துகொண்டே, "ஸ்... ஸ்... சா... சூ..." என்று தன் நாக்கு எங்கே தொடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைவாய் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, "யோவ் மாவு, உள்ள பாம்பு வந்திருச்சு, கம்பை எடு," என்றார். இவர் சிரிக்கவில்லை. நாலாம் நாள் பிடிபட்டது. அவளுடைய சொந்தப் பல்லுக்குப் பின்பக்கம் லேசாகக் குழி. இவர் செய்தது அந்த இடத்தில் மேடு, தலைமுடியில் பாதி அளவு. காற்று போகிற வழியை அடைத்துவிட்டது. மூன்றாவது முறை அந்தக் குழியைக் கொண்டுவந்தார், கூடவே பக்கத்துப் பல்லில் இருந்த வெள்ளைப் புள்ளியையும், முடி போன்ற கீறலையும். விசில் நின்றது.

டாக்டரம்மா அடுத்த பையோடு ஒரு டிக்கெட்டையும் அனுப்பிவிட்டுப் போனில் பேசினார். "அந்தப் பொண்ணு எனக்குக் குடுத்துச்சு. எனக்கு இந்த டமடமா சத்தமெல்லாம் ஆகாது. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுல பாடுறாங்களாம். நீங்க போய் உங்க பல்லு எப்படிப் பாடுதுன்னு கேட்டுட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு. குளியலறையில விழுந்து பல்லு போனது அவ கூட இருக்கிறவங்களுக்கே தெரியாது. தொண்டை சரியில்லைன்னு சொல்லி மூணு வாரம் வெளியவே வரலை. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்," என்றார் முன்பல். உண்மையைத்தான் சொன்னார்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இவர் பல்லைப் பார்க்கத்தான் போனார். அதுவும் வெறுமே பார்க்க மட்டுமல்ல. மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. பாட்டு முடிந்ததும் அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து, காதோடு காதாக, "நான்தான்மா செஞ்சேன்," என்று சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் பதிலுக்குச் செய்ய வேண்டாம். "ஓ, நீங்களா?" என்று ஒரு வார்த்தை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் வாயோ, ஒரு வாயிலிருந்தாவது அந்த வார்த்தை வந்தால் போதும். இது பேராசை என்று யாராவது சொன்னால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நான்கு மணிக்கு என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. இவர் மூன்றுக்கே போய்விட்டார். இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் மடக்குக் குடை. வாசலில் கறுப்புச் சட்டைக்காரன் குடையைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டான். "இது ஆயுதம் சார்," என்றான். மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினான். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. உள்ளே புல்வெளியில் ஓர் ஈ காக்காய் இல்லை. மேடையில் ஒருவன் மைக்கைத் தட்டி "செக்... செக்..." என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். இவர் அதையும் காது கொடுத்துக் கேட்டார். அவனுடைய 'ச'வில் பிழை இல்லை.

ஐந்து மணிக்குள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லாம் இருபது, முப்பது வயது. கிழித்த பேண்ட், வண்ண முடி, விரித்த துணியில் சாய்ந்து கிடப்பவர்கள், ஒரே பொட்டலத்தில் நான்கு கை போட்டுச் சோளப்பொரி தின்பவர்கள். தனியாக வந்தவர் இவர் ஒருவர்தான் என்று அவருக்குத் தோன்றியது. வெள்ளைச் சட்டையில் நின்றவரைக் கச்சேரி நடத்துகிற ஆபீஸ்காரர் என்று நினைத்து இரண்டு பேர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். மூன்று கூட்டத்தார் போனைக் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். அதில் மட்டும் இவருக்குக் குஷி. "கொஞ்சம் சிரிங்க... இன்னும்... உதட்டைத் தூக்குங்க," என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். எடுத்ததும் போனை வாங்கிக்கொண்டு அவரவர் தங்கள் கூட்டத்தோடு போய்விட்டார்கள். அறையில் தனியாக இருப்பது அவருக்குப் பழக்கம். இத்தனை பேருக்கு நடுவில் தனியாக நிற்பது பழக்கமில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு முறை வாசல் பக்கம் பார்த்தார்.

முதல் இரண்டு குழுக்களும் வந்து அடித்த அடியில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. டயர் கடைக்கு மேலே முப்பத்தொரு வருடம் இருந்தவருக்கு அது பெரிதாகப் படவில்லை. மூன்றாவதாக அவளுடைய குழு ஏறியது. ஐந்து பேர். நடுவில் கிதாரை மாட்டிக்கொண்டு கட்டைமுடி வெட்டிய ஒரு பெண். கூட்டம் ஓவென்று கத்தியது. இவர் நின்ற இடத்திலிருந்து அவள் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் தெரிந்தது. அதில் பல்லை எங்கே பார்ப்பது? முண்டினார், குதிகாலைத் தூக்கினார், முன்னால் நின்றவனின் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டினார்.

பக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். "அங்கிள், தெரிஞ்சவங்க யாராச்சும் பாடுறாங்களா?"

"ஆமாம்மா."

"உங்க பொண்ணா?"

இங்கேதான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ யாரு என்பது. அதற்குச் சொல்ல இவரிடம் சொல்லக்கூடாத பதில் ஒன்றுதான் இருந்தது. "ம்," என்றார்.

"யாரு, டிரம்ஸா?"

"நடுவுல... பாடுற புள்ள."

அவ்வளவுதான். "ஏய், வழி விடுங்கப்பா! பாடுறவங்களோட அப்பா! அப்பா வந்திருக்காரு!" என்று மஞ்சள் தொப்பி தொண்டை கிழியக் கத்தினாள். கூட்டம் பிளந்தது. முன்பின் தெரியாத கைகள் இவரை முதுகில் தட்டித் தட்டி முன்னால் அனுப்பின. ஒருவன் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். ஒருத்தி, "அங்கிள், உங்க பொண்ணு சூப்பர்," என்றாள். மேடைக்கு முன்னால் கட்டிய இரும்புத் தடுப்பில் போய் மோதி நின்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று பயமாகவும் இருந்தது, அப்பா என்று யாரோ சொன்னது இனிப்பாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்போது பத்தடி தூரத்தில் அவள். வாய் திறந்தது. அதோ. வலதுபக்கம் நடுப்பல். பஞ்சில் பொதிந்து அனுப்பியது இப்போது உதட்டோடும் மூச்சோடும் இருக்கிறது. அவள் ஒரு சன்னலைப் பற்றி, சாத்திய சாலையைப் பற்றி, சொல்லாமல் போன ஒருவனைப் பற்றிப் பாடினாள். பாட்டின் பொருள் இவர் காதில் ஏறவே இல்லை. 'ச' வருகிற ஒவ்வொரு இடத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பதினேழு 'ச' போனது. ஒன்றில்கூட விசில் இல்லை.

நான்காவது பாட்டு தொடங்கும்போது மேடைக் கூரைக்கடியில் இருந்த விளக்குகளை அணைத்து, ஊதா விளக்கு ஒன்றைப் போட்டார்கள். வெயில் சாய்ந்த நேரம். மேடைக்குள் கொஞ்சம் இருட்டியிருந்தது. ஊதா வெளிச்சத்தில் டிரம்ஸ்காரனின் வெள்ளைப் பனியன் பளபளவென்று எரிந்தது. முன்பல்லின் கண் சட்டென்று அவள் வாய்க்குத் தாவியது.

காரணம் இதுதான். இந்த மாதிரிப் புற ஊதா விளக்கில் உண்மையான பல் ஒளிரும். பழைய பீங்கான் பொடியில் செய்த பல் ஒளிராது, கறுப்பாக, ஓட்டை மாதிரி தெரியும். லேபில் இரண்டு டப்பாக்கள் உண்டு, பழையதும் புதியதும். புதியது ஒளிரும். மூன்றாவது முறை செய்யும்போது குழியையும் கீறலையும் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர் கையை எந்த டப்பாவில் விட்டார்? யோசித்து யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. கிதார் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது. அவள் மைக்கின் முன்னால் கண்ணை மூடி, வாயையும் மூடி நின்றாள். இன்னும் சில நொடியில் வாயைத் திறப்பாள். சுற்றிலும் நூறு போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. திறக்காதே, திறக்காதே என்று இவர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டினார்.

திறந்தாள். மேல்வரிசை முழுக்க, ஒன்று விடாமல், இளநீலமாக ஒளிர்ந்தது. எது சொந்தம், எது செய்தது என்று செய்தவருக்கே ஒரு கணம் தெரியவில்லை.

முன்பல் கையைத் தட்டினார். பாட்டின் நடுவில், எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், அவர் ஒருவர் மட்டும் படபடவென்று தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்பாவுக்குப் பெருமை தாங்கலைடா," என்றான் ஒருவன்.

ஏழு மணிக்கு முன்னால் முடிந்துவிட்டது. பக்கத்தில் குடியிருப்பு இருப்பதால் அதற்குமேல் சத்தம் கூடாதாம். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. காதோடு காதாகச் சொல்கிற திட்டம் இனி நடக்காது, நழுவிவிடலாம் என்று பார்த்தார். மஞ்சள் தொப்பி விடவில்லை. "வாங்க அங்கிள், உள்ள கூட்டிட்டுப் போறேன். இந்தக் கூட்டத்துல நீங்க தனியா எப்படிப் போவீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நல்ல மனசுக்காரி. நல்ல மனசுக்காரர்களிடம் மாட்டினால் தப்பிப்பது கஷ்டம்.

மேடைக்குப் பக்கவாட்டில் குழுவினர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி ஒரு இருபது பேர், போனும் கையுமாக.

"உங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்! பாருங்க!" என்றாள் மஞ்சள் தொப்பி.

அவள் நிமிர்ந்தாள். "எங்க அப்பாவா? எங்க அப்பா இந்நேரம் வீட்டுல குறட்டை விட்டுக்கிட்டு இருப்பாரே." சிரித்தாள்.

ஒரு கை தூரத்தில் அந்தச் சிரிப்பு. ஈறு இளஞ்சிவப்பாக, பல்லின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நன்றாகப் படிந்திருந்தது. முன்பல் பார்த்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம், கண் வேறெங்கும் போகவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள். சிரிப்பு நின்றது. அவள் கை மெல்ல மேலே வந்து வாயை மூடிக்கொண்டது. பல் இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மூன்று வாரத்தில் பழகிய கை அது. அங்கே நின்ற அத்தனை பேரில் அது ஏன் மேலே போனது என்று இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"யார் சார் நீங்க?" என்றான் டிரம்ஸ்காரன். குரலில் மரியாதை பாதி, மிரட்டல் பாதி. "அப்பான்னு சொல்லிட்டு உள்ள வந்திருக்கீங்க?"

நாக்கு நுனியில் இருந்தது. நான்தான்மா அந்தப் பல்லைச் செஞ்சவன். ஒரே வாக்கியம். சொன்னால் பொய்யன் என்ற பெயர் போகும். அவளும் "ஓ, நீங்களா?" என்பாள், கட்டாயம் சொல்லுவாள். ஆனால் இருபது போன்களும் அவள் வாயைத்தான் நோக்கித் திரும்பும். இதற்குப் பிறகு எந்த மேடையிலும் அவள் பாட்டை யாரும் கேட்கப் போவதில்லை, பல்லைத்தான் தேடுவார்கள். முப்பத்தொரு வருடம் காத்திருந்த வார்த்தை இரண்டடி தூரத்தில் இருந்தது. முன்பல் அதை மென்று விழுங்கினார். அது எவ்வளவு வலித்தது என்று நான் சொல்லி உங்களுக்குப் புரியாது.

"தப்பா நெனச்சுட்டேன்மா," என்றார். "என் பொண்ணுன்னு நெனச்சுட்டேன். தூரத்துல அப்படியே இருந்துச்சு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

நாற்பது வெள்ளையைப் பிரித்துச் சொல்லுகிற கண்.

டிரம்ஸ்காரனின் முகம் மாறியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவருக்கு ஞாபகம் பிசகுகிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது போலிருந்தது. அவள் கை வாயிலிருந்து இறங்கியது. எழுந்து வந்து இவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்லப்பா. உக்காருங்க. உங்க பொண்ணு கூடத்தான் வந்தீங்களா? எங்க நின்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவள் பேசும்போது ஒவ்வொரு 'க'வும் 'ப'வும் 'ந'வும் எவ்வளவு சுத்தமாக வருகின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கலைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மைக் இல்லாமலே நல்ல குரல். "யாரோட அப்பாங்க இவரு? வெள்ளைச் சட்டை! இங்க பத்திரமா இருக்காரு! யாராச்சும் தேடுறீங்களா?"

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். விரித்த துணியை உதறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. எல்லோரும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார்கள்.

மஞ்சள் தொப்பி குனிந்து, காதுக்குப் பக்கத்தில், குழந்தையிடம் பேசுவது போலக் கேட்டாள். "அங்கிள், வீட்டு நம்பர் ஏதாச்சும் ஞாபகம் இருக்கா? மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

சட்டைப் பையில் அவருடைய சொந்த போன் இருந்தது. அதை எடுத்து, எனக்கு ஒன்றுமில்லை, நானே போய்க்கொள்வேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி முதல் கேள்விக்கே வருவார்கள், அப்போ நீங்க யாரு என்று. அதோடு, அவள் கையை இன்னும் விடவில்லை. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான், லேபின் நம்பர். அதைச் சொன்னார்.

மஞ்சள் தொப்பி எண்களை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். டிரம்ஸ்காரனும் ஒயரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றான். ஐந்தாறு பேர் தலையைக் குனிந்து கேட்டார்கள். மணி அடித்தது. பூட்டிய அறையில், மூடிய உலைக்கும் மாவு படிந்த வாய்களுக்கும் நடுவில் அது அடித்துக்கொண்டிருந்தது. முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அடித்து ஓய்ந்தது.

"ரிங் போகுது அங்கிள். யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்களே," என்றாள்.

"இன்னைக்கு எடுக்க மாட்டாங்கம்மா," என்றார் முன்பல். "நாளைக்குக் காலைல நான் போய்த்தான் எடுக்கணும்."